மையக்கருத்தைக் காணுதல்

நுழையும்முன்

பத்தியில் உள்ள செய்திகளையெல்லாம் தடையின்றி ஒப்பிக்கும் மாணவரும், "இப்பத்தி என்ன சொல்கிறது?" என்று கேட்டால் தயங்குவதுண்டு. செய்திகளை நினைவில் வைத்தல் வேறு. அவை ஒன்றுகூடி உணர்த்தும் கருத்தை அறிதல் வேறு. அவ்வறிவு நடுநிலை வகுப்புகளிலேயே வளர்க்கப்பட வேண்டியது. அதற்குரிய வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பொருளும் கருத்தும்

ஏழாம் வகுப்பு மாணவர்க்குக் கீழ்க்காணும் பத்தி தரப்படுவதாகக் கொள்வோம்.

"வேடந்தாங்கல் ஏரிக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் வருகின்றன. அவற்றுள் சில தொலைநாடுகளிலிருந்து வருபவை. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் பல பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் பாயும் வயல்களில் பயிர் செழிக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையைச் செங்கல்பட்டு ஆட்சியர் 1798இல் ஏற்றார்."

இதன் மையக்கருத்தைக் கேட்டால், 'வேடந்தாங்கல்' என்பார் ஒரு மாணவர். அது பத்தி பேசும் பொருளேயன்றிக் கருத்தன்று. முதல் தொடரே விடையெனக் கருதி அதை அப்படியே எழுதுவார் மற்றொருவர். சில பத்திகளில் இது பொருந்தும். எல்லாப் பத்திகளிலும் பொருந்தாது. 'தொலைநாட்டுப் பறவைகள் வருகின்றன' என்பார் மூன்றாமவர். அச்செய்தி சுவையானது, எனினும் சுவையான செய்தியெல்லாம் முதன்மையான செய்தி ஆகாது. தேர்வை நினைத்து 1798 என்னும் ஆண்டை மட்டும் அடிக்கோடிடுவோரும் உளர்.

மூன்று வினாக்கள்

இத்தடுமாற்றத்தைப் போக்க மூன்று வினாக்கள் உதவும். பத்தி எதைப் பற்றியது? அதைப் பற்றி என்ன சொல்கிறது? அவ்விடையைப் பிற தொடர்கள் தாங்குகின்றனவா?

வேடந்தாங்கல் பத்தி, பறவைகளையும் ஊர்மக்களையும் பற்றியது. 'தம் வயல்களுக்கு வளம் சேர்த்த பறவைகளை ஊர்மக்கள் காத்துநின்றனர்' என்பதே அது சொல்லும் கருத்து. இத்தொடர் பத்தியில் எங்கும் எழுதப்படவில்லை. படிப்பவரே செய்திகளை இணைத்து உருவாக்க வேண்டியுள்ளது.

இனி, அது சரியா என்று சோதிக்கலாம். தொலைநாடு பற்றிய தொடரை நீக்கினாலும் கருத்து நிலைக்கிறது. வயல் செழிப்பதைக் கூறும் தொடரை நீக்கினால், ஊர்மக்கள் ஏன் முறையிட்டனர் என்பதற்குக் காரணம் இல்லாமற்போகிறது. எனவே, முன்னது துணைச்செய்தி. பின்னது கருத்தைத் தாங்கும் தூண். இவ்வாறு ஒவ்வொரு தொடராக நீக்கிப் பார்க்கும் மாணவர், பத்தியின் கட்டமைப்பைத் தாமே கண்டுகொள்வர்.

படிப்படியான பயிற்சி

இப்பயிற்சியைச் சொற்களிலிருந்து தொடங்குவது எளிது. கரை, மதகு, கலிங்கு, வாய்க்கால் ஆகிய சொற்களைத் தந்து, இவை எதனோடு தொடர்புடையவை என்று கேட்கலாம். ஏரி என்னும் விடை கிடைத்தபின், சில தொடர்களைத் தந்து அவற்றுக்குப் பொதுவான கருத்தைக் கேட்கலாம். அடுத்துப் பத்தியும், அதன்பின் முழுக் கட்டுரையும் தரலாம். ஆசிரியர் தாம் கருத்தைத் தேடும் முறையையும், முதலில் எண்ணிய விடையை மாற்றிக்கொள்ளும் காரணத்தையும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுதல் வேண்டும். விடையை மட்டும் கரும்பலகையில் எழுதினால், மாணவர் விடையைப் பெறுவர், வழியைப் பெறார்.

மரபில் மையக்கருத்து

இத்தேவையைத் தமிழ் மரபு முன்பே உணர்ந்திருந்தது. நூல் நுதலிய பொருளைப் பாயிரம் கூற வேண்டும் என்கிறது நன்னூல். காண்டிகையுரையின் உறுப்புகளைக் கூறும்போதும் அந்நூல் பதப்பொருளுக்கு முன்னே கருத்தை வைக்கிறது. திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளோ, பத்துக் குறட்பாக்களையும் ஒரு பொருளின்கீழ் இணைத்துக் காட்டுகின்றன.

வகுப்பறைக்கு வெளியே

இத்திறன் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. புயல் அறிவிப்பு ஒன்றில் காற்றின் வேகம், புயல் மையம்கொண்ட இடம், கூண்டின் எண் எனப் பல செய்திகள் இருக்கும். அவற்றுக்கிடையே 'கடலுக்குச் செல்ல வேண்டா' என்பதே உயிர்காக்கும் கருத்து. மருந்துக் குறிப்பும் வங்கிக் கடிதமும் இத்தகையனவே. பல வீடுகளில் அவற்றைப் படித்துச் சொல்லும் பொறுப்பு, பள்ளி செல்லும் பிள்ளையிடமே வருகிறது. முழுவதையும் உரக்கப் படித்துவிட்டால் அப்பொறுப்பு முடிந்துவிடாது. "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கும் பாட்டிக்கு, ஒரே தொடரில் சரியான விடை சொல்லும்போதே அப்பிள்ளை உண்மையில் படித்ததாகும்.