கறள் பிடியாத உருக்கு

எங்கள் பாடசாலை கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அதன் மாடிப்படிகளுக்குப் புதிய கைபிடி பொருத்தினோம். பழைய இரும்புக் கைபிடியை ஆண்டுதோறும் வர்ணம் தீட்டிப் பேணியும், கறள் அதனைத் தின்றுவிட்டது. பெற்றோரும் பழைய மாணவரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வேலை நடந்தது. ஒப்பந்தக்காரர், "ஐயா, இது எவர்சில்வர், உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கறள் பிடியாது" என்று உறுதி கூறினார். முதலாவது சோளகம் கழியுமுன்னரே, கூரையின் கீழ் மழை படாத பகுதியில், தேயிலைச் சாயம் தெறித்தாற் போலக் கபில நிறப் புள்ளிகள் தோன்றின. "கறள் பிடியாத உருக்குக்குக் கறள் பிடித்தது ஏன், சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கலைப் பட்டதாரியாகிய எனக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர் தேடி அறிந்தவற்றையே நேயர்களுக்கு இன்று கூற விழைகின்றேன்.

இந்த உருக்கின் கதை இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்தில் தொடங்குகின்றது எனலாம். துப்பாக்கிக் குழல்கள் விரைவில் தேய்வதைத் தடுக்க வழி தேடிய ஹரி பிரியர்லி என்பவர், 1913ஆம் ஆண்டில், நூற்றுக்கு 13 பங்களவு குரோமியம் கலந்த உருக்கொன்றை வார்த்தார். அமிலம் அதனை எளிதில் அரிக்கவில்லை. அவர் துப்பாக்கியை மறந்து, மேசைக் கத்தியை நினைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜேர்மனியில், குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்த உருக்கு உருவாயிற்று. இன்று நம் சமையலறைகளில் மின்னும் பாத்திரங்கள் பெரும்பாலும் அவ்வழி வந்தவை.

குரோமியம் செய்வது என்ன? காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, உருக்கின் மேற்பரப்பில் மிக நுண்ணிய ஒட்சைட்டுத் தோலொன்றை அது உண்டாக்குகின்றது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் இரண்டு மூன்று கூறுகளே அத்தோலின் தடிப்பு. கண்ணுக்குத் தெரியாத அத்தோலே உருக்கைக் காக்கும் கவசம். கீறினாலும் காற்றோ நீரோ பட்டவுடன் அது மீண்டும் வளரும்; இரும்பின்மேல் தீட்டிய வர்ணம் அவ்வாறு வளர்வதில்லை. ஆகவே, கறள் பிடிக்க மாட்டாத உலோகம் என்று இதனைக் கருதுதல் தவறு. தன் தோலைத் தானே புதுப்பித்துக்கொள்ள இயலும்வரை கறளை விலக்கி நிற்கும் உலோகம் என்பதே பொருத்தம்.

அத்தோலுக்குப் பகை உப்பு. கறியுப்பிலும் கடற்காற்றிலும் உள்ள குளோரைட்டு, தோலின் நலிந்த இடமொன்றைத் துளைத்து ஊசிமுனைக் குழியொன்றைத் தோண்டுகின்றது. குழிக்குள் ஒட்சிசன் குறைவு. ஆதலின் தோல் அங்கு மீண்டும் வளர்வதில்லை. எங்கள் கைபிடியில் மழை நனைத்த பகுதி பளபளப்பாகவே இருந்தது. மழை உப்பைக் கழுவிச் சென்றது. கூரையின் கீழ் உப்பு நாள்தோறும் படிந்து தங்கியது. நிழலில் இருப்பது நீடித்து நிற்கும் என்ற நமது வழமையான எண்ணம் இங்கே தலைகீழாகிவிடுகின்றது.

உருக்கிலும் வகைகள் உண்டு. 304 என்னும் இலக்கமுடையதில் குரோமியம் 18, நிக்கல் 8 என்னும் அளவில் உள்ளன. 316 என்னும் வகையில் இவற்றோடு மொலித்தனம் இரண்டு பங்களவு சேரும். அச்சிறு பங்கே உப்பை எதிர்க்கும் வலிமையை உயர்த்துகின்றது. விலையும் உயரும் என்பது சொல்லாமலே விளங்கும். கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை, ஆகவே நல்ல சாமான் என்று சொல்வோர் பலர். காந்தம் 304ஐயும் 316ஐயும் வேறுபடுத்திக் காட்டாது. நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்த்த மலிவான வகையிலும் அது பெரும்பாலும் ஒட்டுவதில்லை. பற்றுச்சீட்டில் வகையின் இலக்கத்தை எழுதி வாங்குவதே வழி. நாங்கள் அதனைச் செய்யவில்லை.

இனி, கட்டடத்தினுள்ளே மறைந்திருக்கும் கம்பியைப் பார்ப்போம். இரும்பு கறளாகும்போது அதன் பருமன் பன்மடங்கு பெருகும். அவ்வீக்கமே கொங்கிறீற்றை வெடிக்கச் செய்கின்றது. மெக்சிக்கோவின் யுக்கற்றான் கரையிலுள்ள புறோகிறெசோ என்னுமிடத்தில், 1937க்கும் 1941க்கும் இடையில், கடலுக்குள் நீண்டு செல்லும் துறையொன்றைக் கட்டினர். வெப்பமும் உவர்க்காற்றும் மிகுந்த கரை அது. கட்டியோர் 200 தொன்னளவு கறள் பிடியாத கம்பியை அத்துறையின் கொங்கிறீற்றினுள் இட்டனர். அதுவும் 304 வகையே. அறுபது ஆண்டுகளின் பின் ஆராய்ந்தபோதும் கம்பிகள் நல்ல நிலையில் இருந்தன. பிற்காலத்தில் அதன் அருகே சாதாரணக் கம்பியால் எழுந்த மற்றொரு துறை சிதைந்து, அடித்தூண்களின் எச்சங்களே மிஞ்சின. காற்றில் நின்ற எங்கள் கைபிடி தோற்ற இடத்தில் அக்கம்பி வென்றது எங்ஙனம் எனின், சீமெந்தின் காரத்தன்மை உருக்கின் தோலுக்குத் துணைநின்றது.

தண்ணீர்க் குழாய்களைப் பற்றி எண்ணும்போது தோக்கியோ நகரம் நினைவுக்கு வருகின்றது. அங்கே கசிவுகள் பெரும்பாலும் வீதியின் பெருங்குழாய்களில் அல்ல, அவற்றிலிருந்து வீடுகளுக்குப் பிரியும் சிறு குழாய்களிலேயே நிகழ்ந்தன. 1980 முதல் அச்சிறு குழாய்களைக் கறள் பிடியாத உருக்குக்கு மாற்றலாயினர். மண்ணின் அரிப்பைக் கருதி 316 வகையைத் தெரிந்தனர். அக்காலத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்களவில் இருந்த நீர்க்கசிவு, 2010களில் மூன்று பங்கிற்கும் குறைந்தது. கசிவுகளை நள்ளிரவில் தேடித் திருத்திய ஊழியரின் உழைப்பும் அதில் உண்டு. குழாய்க்கே முழுப் புகழையும் கொடுத்தல் முறையன்று.

குழாய்க்கும் தாங்கிக்கும் எந்த வகை ஏற்றது என்பதைத் தண்ணீரே தீர்மானிக்கும். லீற்றரொன்றில் 200 மில்லிகிராம்வரை குளோரைட்டு இருப்பின் 304 பொதுவாகப் போதும். அதற்கு மேல் 1000 வரை 316 வேண்டும். இவை குளிர்ந்த நீருக்கான அளவுகள். சுடுநீருக்கு இவை பொருந்தா. நாக்கு உவர்ப்பை உணர்வதும் ஏறத்தாழ 250 மில்லிகிராமில்தான். ஆகவே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திலே, கோடையில் கிணற்றுநீர் வாயில் கரித்தால், அந்நீர் 304 வகைத் தாங்கியின் எல்லையைக் கடந்துவிட்டது என்று கொள்ளலாம். தாங்கிக்குள் வெளிற்றும் தூளை அள்ளிக் கொட்டுவதும், நாகம் பூசிய குழாயைக் கறள் பிடியாத குழாயோடு நேரே முடுக்குவதும் தீங்கானவை. பின்னதில் நாகம் பூசிய குழாயே முதலில் அரிபடும்.

சுவிற்சர்லாந்தின் ஊஸ்ரர் நகரில் நிகழ்ந்ததையும் சொல்லவேண்டும். அங்குள்ள உள்ளக நீச்சற் குளத்தின் கொங்கிறீற்று உட்கூரையைக் கறள் பிடியாத உருக்குத் தண்டுகள் தாங்கித் தொங்கவிட்டிருந்தன. குளத்துநீரின் குளோரீன் ஆவியில் கலந்து தண்டுகளிற் படிந்தது. பாரத்தின் இழுவையும் அப்படிவும் சேர்ந்து உலோகத்தினுள்ளே மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கின. வெளியே பெருங் கறள் தெரியவில்லை. கட்டிப் பதின்மூன்று ஆண்டுகளில், 1985 மே 9 அன்று, உட்கூரை வீழ்ந்து பன்னிருவர் மாண்டனர். அவ்விடத்திற்கு அவ்வகை உருக்கு உகந்ததன்று என்னும் அறிவு பின்னரே பரவலாயிற்று.

எங்கள் கைபிடியை நாங்கள் அகற்றவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாணவர் அதனை நன்னீராற் கழுவி, மென்துணியால் துடைக்கின்றனர். இரும்புக் கம்பித் தூரிகைக்குத் தடை. அதன் துகள் ஒட்டினால் புதுக்கறளுக்கு அதுவே விதையாகும். பழைய புள்ளிகள் மங்கியுள்ளன, புதியவை மிகச் சில. தண்ணீர்த் தாங்கியொன்று வாங்கவேண்டியுள்ளது. கேள்வி கேட்ட அந்த மாணவி, ஆனியிலும் ஆவணியிலும் கிணற்றுநீரைப் போத்தலில் எடுத்துக் குளோரைட்டைச் சோதிக்க அனுப்பியிருக்கின்றாள். முடிவு வந்தபின்னரே விலை கேட்போம்.