ஆப் இல்லாமலும் யுபிஐ உண்டு

கையில் இருப்பது பட்டன் போன், யுபிஐ நமக்கு எட்டாது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் யுபிஐ ஓர் ஆப் அல்ல. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு உடனே பணம் போக, என்.பி.சி.ஐ. என்ற அமைப்பு 2016-இல் கொண்டுவந்த ஏற்பாடு. போன்பே, கூகுள் பே போன்றவை அதற்குள் போகும் தனியார் வாசல்கள்.

ஆப் மட்டுமே வழி என்றால் என்ன சிக்கல்?

முதலில் ஸ்மார்ட்போன் வாங்க வேண்டும். பிறகு கூகுளிலோ ஆப்பிளிலோ ஒரு கணக்கு வேண்டும். போன் பழசாகி அதன் ஆண்ட்ராய்டு பதிப்பு பின்தங்கிவிட்டால், நன்றாக ஓடுகிற போனிலும் ஆப் வேலை செய்யாமல் போகலாம். போனின் மென்பொருளை நாமே மாற்றியிருந்தால் பல வங்கி ஆப்கள் திறக்கவே மறுக்கும். பாதுகாப்புதான் காரணம் என்பார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஆப்பின் நிரல் மூடிக்கிடப்பதால், உள்ளே அது என்ன செய்கிறது என்று வெளியாட்கள் சரிபார்ப்பது கடினம்.

இன்னொன்று, ஆதிக்கம். யுபிஐ பரிமாற்றங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இரண்டே ஆப்கள் வழியாக நடந்துவந்திருக்கின்றன. ஓர் ஆப்புக்கு 30 சதவீதம்தான் என்று என்.பி.சி.ஐ. 2020-இல் வரம்பு வைத்தது. அதை நிறைவேற்றும் கெடு தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2026 டிசம்பர் வரை வந்து நிற்கிறது.

வேறு வழி என்ன?

வங்கியில் பதிவான எண்ணிலிருந்து *99# என்று அழையுங்கள். இணையம் தேவையில்லை. முதல் முறை வங்கியைத் தேர்ந்து, டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கங்களையும் காலாவதித் தேதியையும் கொடுத்து, யுபிஐ பின் அமைக்க வேண்டும். அதன்பின் திரையில் வரும் பட்டியலில் எண்ணை அழுத்திப் பணம் அனுப்பலாம், இருப்பும் பார்க்கலாம். ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரம்பு. கியூஆர் ஸ்கேன் செய்ய முடியாது. கடைக்காரரின் மொபைல் எண்ணையோ யுபிஐ ஐடியையோ கேட்டு வாங்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிய யுபிஐ 123பே இன்னொரு வழி. இதற்கென உள்ள ஓர் எண்ணை அழைத்து, குரல் சொல்கிறபடி அழுத்தினால் போதும். இதன் வரம்பை 10,000 ரூபாயாக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள்.

மற்ற சேவைகள்?

ஆதார் அட்டையை இணையதளத்திலேயே பிடிஎஃப்பாக எடுக்கலாம். சமையல் கேஸ் சிலிண்டரை போன் அழைப்பிலேயே புக் செய்யலாம். மின்கட்டணத்துக்கு கவுன்ட்டர் இருக்கிறது. இவை நீடிப்பது பயன்படுத்துகிறவர்கள் கையில் இருக்கிறது. ஆள் வரவில்லை என்று கணக்குக் காட்டித்தான் கவுன்ட்டர்களை மூடுவார்கள். “ஆப்பை இறக்கிக்கோங்க” என்று யாராவது சொன்னால், “ஆப் இல்லாதவங்களுக்கு என்ன வழி?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கேள்வியையே புகாராக எழுதிக் கொடுங்கள்.