கண்ணுக்குத் தெரியாத சண்டியர்

வலுத்த மாணவன் எளியவனை மிரட்டுவதும், பலர் கூடி ஒருவனைப் பட்டப்பெயர் சொல்லிச் சிறுமைப்படுத்துவதும் பள்ளிகளில் பழைய சங்கதிதான். ஆனால் அதனை உளவியலார் முறையாக ஆராய முற்பட்டது 1970-களில்தான். ஸ்வீடனில் பிறந்து நார்வே நாட்டின் பெர்கன் நகரில் பணியாற்றிய டான் ஓல்வேயஸ் என்பவரே இத்துறையின் முன்னோடி.

1982-இல் நார்வேயின் வட பகுதியில் மூன்று சிறுவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். உடன் பயின்றோர் இழைத்த கொடுமையே காரணம் எனக் கருதப்பட்டது. நாடே திடுக்குற்றது. மறு ஆண்டு அரசு நாடு தழுவிய தடுப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பெர்கனில் 42 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,500 மாணவர்களை ஓல்வேயஸ் தொடர்ந்து கவனித்தார். பெரியவர்கள் அக்கறை காட்டிய இரண்டே ஆண்டுகளில் இக்கொடுமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆகவே, இது தடுக்கக்கூடிய ஒன்றே என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

எது விளையாட்டு, எது கொடுமை? ஓல்வேயஸ் மூன்று அடையாளங்களைக் கூறினார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க இயலாதவர்மீது செய்வது. இம்மூன்றும் இன்று கைப்பேசிக்குள் புகுந்துவிட்டன. புகுந்த இடத்தில் உருவும் மாறிவிட்டன.

வகுப்பறையில் சொன்ன சொல் காற்றோடு போகும். வாட்ஸாப் குழுவில் ஒரே ஒரு முறை இட்ட கேலிப்படமோ, நாற்பது பேர் கைமாற்றும்போது நாற்பது முறை தாக்குகிறது. உடல் வலிமையும் இங்கே தேவையில்லை; பொய்ப்பெயரே போதும். மாலை மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடித் தப்பவும் வழியில்லை. தலையணைக்கு அருகிலேயே சண்டியர் காத்திருக்கிறார். மேலும், எதிரே கண்ணீர் வடிக்கும் முகம் தெரியாதபோது மனிதனின் தயக்கம் தளர்ந்துவிடுகிறது. இதனை அமெரிக்க உளவியலார் ஜான் சூலர் 2004-இல் விளக்கிக் கட்டுரை எழுதினார்.

துன்புறும் பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை? "போனைக் கொடு இங்கே! உன்னை யார் அங்கே போகச் சொன்னது?" என்று நாம் சீறுவோம் என்னும் அச்சமே பெரும்பாலும் காரணம். தண்டனை தனக்கே என்றால், எந்தப் பிள்ளைதான் சொல்லும்? செய்தி வந்த ஓசை கேட்டதும் முகம் வாடுவது, திரையைச் சட்டென மறைப்பது, உறக்கம் கெடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது ஆகியவற்றைக் கண்டால் கோபத்தை விட்டுப் பரிவோடு கேளுங்கள்.

உண்மை தெரிந்த பின் செய்ய வேண்டியவை சில. பதிலுக்குத் திட்ட வேண்டாம். செய்திகளை அழித்துவிடாமல் தேதியோடு சேமித்து வையுங்கள். பிறகு அனுப்பியவரைத் தடை செய்யுங்கள். உடன் பயில்பவரானால் ஆசிரியரிடம் பேசுங்கள். மிரட்டலோ ஆபாசப் படமோ இருந்தால், அதனை யாருக்கும் அனுப்பாமல் காவல்துறையை அணுகுங்கள். நம் நாட்டில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கு 1930.

மாணவர்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. கனடாவின் டொராண்டோ நகரப் பள்ளி மைதானங்களில் நிகழ்ந்தவற்றைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு 88 நிகழ்ச்சிகளில் மற்ற மாணவர்கள் அருகில் இருந்தனர். ஆனால் 19-இல்தான் எவரேனும் குறுக்கிட்டனர். அப்படிக் குறுக்கிட்டவற்றுள் பாதிக்கு மேற்பட்ட தடவை, பத்தே விநாடிகளில் கொடுமை நின்றது! கைப்பேசியிலும் பார்வையாளர் இன்றேல் சண்டியருக்கு வேலையில்லை. கேலிப்படம் வந்தால் அதனை மேலே அனுப்பாதீர்கள்; சிரிக்கும் பொம்மையும் இடாதீர்கள். இலக்கான தோழனுக்குத் தனியே, "நான் உன் பக்கம்" என்று நாலு சொல் எழுதுங்கள்.

பெற்றோரே, துன்பம் வரும்வரை காத்திராமல் இன்றிரவே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்: "எது வந்தாலும் என்னிடம் காட்டு. போனைப் பிடுங்க மாட்டேன்." பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.