சிறுவர்களின் மண்தட ஓட்டமும் காப்புக் கண்ணாடியும்

மோட்டார் சைக்கிளுக்கும் மைசூரு நகருக்கும் உள்ள உறவு நெடுநாளையது. யாதவகிரியில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையிலிருந்து ஜாவா வண்டிகளும், பின்னர் யெஸ்டி வண்டிகளும் நாடெங்கும் சென்றன. அவ்வண்டிகளைப் போற்றிக் காப்போர் இன்றும் இந்நகரில் உள்ளனர். இளையோரின் நாட்டமோ இப்போது மண்தட ஓட்டத்தின்பால் திரும்பியுள்ளது. பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் 2015-இல் டக்கார் பந்தயத்தை முழுமையாக முடித்த முதல் இந்தியர் ஆனார். அதே நகரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் பாஹா உலகக் கோப்பையின் மகளிர் பிரிவில் பட்டம் வென்றார். இத்தகைய செய்திகளைக் கேட்டு வளரும் பிள்ளைகள் ‘டர்ட் பைக்’ கேட்பதில் வியப்பில்லை.

மண்டி மொஹல்லாவில் வணிகம் செய்யும் பெற்றோர் சிலர் பிள்ளைகளின் பயிற்சிச் செலவுக்குத் திட்டமிடுவதைக் கண்டிருக்கிறேன். ‘மண்டி’ என்ற சொல் தமிழர்க்கும் பழகியதே. கணக்கில் கெட்டிக்காரர்கள் நிறைந்த இடம். அவர்கள் எழுதும் பட்டியலில் வண்டி, தலைக்கவசம், காலணி, கையுறை ஆகியவை முதலில் நிற்கும். கடைகளில் ‘காகிள்ஸ்’ எனப்படும் காப்புக் கண்ணாடியோ கடைசி வரியில், எஞ்சிய தொகைக்கு வாங்கும் பொருளாக இடம்பெறும். இவ்வரிசை பிழையானது என்பது என் கருத்து.

மண்தடத்தில் முன்செல்லும் வண்டியின் பின்சக்கரம் மண்ணையும் சிறு கற்களையும் பின்னோக்கி வாரி இறைக்கிறது. சிறுவனின் வண்டி தாழ்வானது. ஆகவே அவை நேரே அவன் முகத்தை நோக்கி வருகின்றன. கல் பட்டால் கண்ணுக்கு ஊறு. வெறும் தூசி விழுந்தாலும் கண்கள் தாமே மூடிக்கொள்ளும். கை கைப்பிடியை விட்டு முகத்துக்குச் செல்லும். கீழே விழுவதற்கு அந்த ஒரு நொடி போதும். சாதாரணக் குளிர்க்கண்ணாடி இதற்கு உதவாது. அதன் பக்கவாட்டில் தூசி புகும். மட்டமான கண்ணாடியாயின் கல் பட்டு உடைந்து, உடைந்த துண்டே கண்ணைக் குத்தக்கூடும்.

கண்ணாடியை வாங்கச் செல்லும்போது பிள்ளையையும், அவனுடைய தலைக்கவசத்தையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். ‘வளரும் பிள்ளை, பெரிதாகவே இருக்கட்டும்’ என்று பள்ளிச் சீருடை வாங்கும் முறையில் இதனை வாங்கலாகாது. முதலில் பட்டையை மாட்டாமல், சட்டகத்தை மட்டும் முகத்தில் மெல்ல வைத்துப் பாருங்கள். உட்புறமுள்ள நுரைப்பஞ்சு நெற்றி, கன்னம், மூக்கு ஆகிய எல்லா இடங்களிலும் இடைவெளியின்றிப் படிய வேண்டும். பெரியோருக்கான அளவைச் சிறுவர் அணிந்தால் மூக்கின் இருபுறமும் வழி திறந்துவிடும். அடுத்து, தலைக்கவசத்தை அணிவித்து, அதன் முகத் திறப்புக்குள் சட்டகம் முழுமையாக அமைகிறதா என்று பார்க்க வேண்டும். தலைக்கவசம் சட்டகத்தைக் கீழே அழுத்தினால் மூக்கடைத்து மூச்சு விடுவது கடினமாகும். எலாஸ்டிக் பட்டை தலைக்கவசத்தின் வெளிப்புறத்தில் வரும். அதன் உட்பக்கத்தில் சிலிக்கான் கோடுகள் இருந்தால் வழுக்காது. தலையைத் திருப்பாமல் இருபக்கமும் எவ்வளவு தெரிகிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள். பார்வைக் குறைபாட்டுக்குக் கண்ணாடி அணியும் பிள்ளையாயின், அதன் மேல் அணியத்தக்க ஆழமான வகை உண்டு. அதனையே கேட்டு வாங்குக.

வில்லை பாலிகார்பனேட்டால் ஆனதாக இருத்தல் நலம். இ.என். 1938 என்னும் ஐரோப்பியத் தர எண் பொறிக்கப்பட்டிருந்தால் கூடுதல் நம்பிக்கை. நிறத்துக்காகக் குழம்ப வேண்டியதில்லை. நிறமற்ற வில்லை எந்நேரமும் பயன்படும். கடும் வெயிலுக்குப் புகைநிறம், மேகமூட்டத்துக்கு மஞ்சள். புறஊதாக் கதிரைத் தடுப்பது பாலிகார்பனேட்டே ஆதலால், நிறமற்ற வில்லையும் அப்பணியைச் செய்யும்.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: சட்டகம் நிலைச் சொத்து; வில்லை நுகர்பொருள். தனி வில்லை எளிதில் கிடைக்காத கண்ணாடியை, எத்துணை மலிவாயினும், வாங்குவது இலாபமன்று. கீறல் விழுந்த வில்லையில் எதிர்வெயில் பட்டால் தடமே மறைந்துபோகும். எனவே வாங்கும் நாளிலேயே மாற்று வில்லை ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுதல் நன்று.

கீறல்களுள் பெரும்பாலானவை தடத்தில் விழுவனவல்ல, துடைக்கும்போது விழுவன. மைசூருவின் செம்மண் தூசியைச் சட்டைத் துணியால் உலரத் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். முதலில் தட்டி உதறி, பிறகு மெல்லிய நீரோட்டத்தில் காட்டி, தேவையெனில் ஒரு துளி மென்மையான சோப்பு நீரை விரலால் தடவிக் கழுவ வேண்டும். உட்புறத்தில் பனிமூட்டம் படியாமலிருக்கப் பூச்சு ஒன்று உண்டு. ஈரமாக இருக்கையில் அது மிக மென்மையானது. அதனைத் தேய்க்காமல் நிழலில் தானே உலர விடுக. சன்னல் கண்ணாடி துடைக்கும் திரவம், பெட்ரோல், தின்னர் ஆகியவை பாலிகார்பனேட்டைக் கெடுப்பவை. நுரைப்பஞ்சில் வியர்வை தங்கினால் தோலில் அரிப்பு உண்டாகும். அதனையும் சோப்பு நீரில் அலசி நிழலிலேயே உலர்த்த வேண்டும். பஞ்சு சட்டகத்திலிருந்து பெயர்ந்தாலோ, பட்டை தளர்ந்தாலோ அந்தக் கண்ணாடியின் காலம் முடிந்தது.

மழைநாள் சேற்றுக்கென வில்லையின் மேல் ஒட்டிக் கிழிக்கும் மெல்லிய படலங்கள் உண்டு. வலக்கை ஆக்சிலரேட்டரில் இருக்க வேண்டியதால், இழுக்கும் முனை இடப்பக்கம் வருமாறு பொருத்துவதே வழக்கம். கையுறையுடன் அதனை இழுக்கும் பழக்கத்தை வீட்டிலேயே ஏற்படுத்திவிட வேண்டும். கிழித்ததைத் தடத்தில் விட்டு வராமல் பொறுக்கி வரச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கண்ணில் மண் விழலாம். அப்போது கண்ணைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மணல் கருவிழியைக் கீறும். தூய நீரால் நன்கு கழுவி, உறுத்தலோ சிவப்போ நீங்காவிடில் அன்றே கண் மருத்துவரிடம் செல்க. ஏதேனும் குத்தியிருப்பின் கழுவவோ பிடுங்கவோ முயலாமல், கண்ணை அழுத்தாது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

செலவு பற்றி ஒரு குறிப்பு. வண்டிக் காப்பீடு பொதுவாகப் பந்தயப் பயன்பாட்டை ஏற்பதில்லை. மருத்துவக் காப்பீட்டில், தொழில்முறையாக மோட்டார் பந்தயத்தில் ஈடுபட்டு நேரும் காயங்களுக்கான சிகிச்சை விலக்கப்பட்டிருக்கலாம். பயிற்சிக் கட்டணம் செலுத்துமுன் பாலிசி ஆவணத்தின் ‘விலக்குகள்’ பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள். பயிற்சித் தடம் வரை வண்டியைச் சரக்கு வாகனத்தில் ஏற்றிச் செல்லுங்கள். சிறுவர் பொதுச்சாலையில் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு ரூ.25,000 அபராதமும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் விதிக்க இடமுண்டு.