வெயிலும் துணியும்

காவிரிக் கடைமடையிலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தின் சரக்கு இருப்பை நாம் சரிபார்த்துக் கொண்டிருந்த வேளையில், கிடங்கின் மூலையில் தனியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த படுதாத் துணி மூட்டை ஒன்று கண்ணிற்பட்டது. வாங்கியவர் ஓராண்டு கழித்துத் திருப்பி அனுப்பிய சரக்கு அது. நீலமும் மஞ்சளும் பட்டைகளாக ஓடிய அத்துணியில் நீலப் பட்டை உறுதியாகவே இருந்தது. மஞ்சள் பட்டையோ கையால் இழுத்தவுடன் காகிதம்போல் கிழிந்தது. நெசவுக் குறை என்று முடிவு செய்து, நெய்த அங்கத்தினர் இருவரின் கூலியில் பிடித்தம் செய்வதாகத் தீர்மானமும் எழுதப்பட்டிருந்தது.

ஓரத்தில் மடித்துத் தைத்திருந்த பகுதியைப் பிரித்துப் பார்த்தோம். வெயில் படாத அவ்விடத்தில் மஞ்சள் நூலும் நீல நூலைப் போலவே திடமாக இருந்தது. ஒரே தறி, ஒரே பாவு, ஒரே கை. ஆகவே குற்றம் நெய்தவரைச் சேர்ந்ததன்று. மஞ்சள், செம்மஞ்சள் வாட் சாயங்களுள் சில, தாம் மங்காமலே தம்மைத் தாங்கும் பருத்தியை வெயிலில் நைந்துபோகச் செய்யும் என்பது சாயத்தொழில் அறிஞர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. சாயம் ஒளியைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய வலிமையைக் காற்றிலுள்ள பிராணவாயுவுக்கும் ஈரத்துக்கும் கொடுக்கிறது. அவை பருத்தியின் சங்கிலியை அறுக்கின்றன. காரைக்கால் கடற்கரையில் வெயிலுக்கும் ஈரத்துக்கும் குறைவேது!

சங்கிலி என்றது உவமையன்று. பருத்தியிழை என்பது குளுக்கோஸ் என்னும் சிறு அணுத்திரள்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்த நீண்ட மாலை. இத்தகைய பொருள்களைப் பலபடிகள் என்பர். பட்டும், நைலானும், உழவர் களத்தில் விரிக்கும் பாலிதீன் தாளும் பலபடிகளே.

சங்கிலியை அறுக்கும் அதே ஒளி சங்கிலியைக் கோக்கவும் வல்லது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது. இத்தாலியின் பொலோனா நகரில் ஜாக்கமோ சாமீசியான் என்ற பேராசிரியர் கண்ணாடிக் குடுவைகளைக் கூரைமேல் வெயிலில் அடுக்கி வைத்து ஆராய்ந்தவர். புகையில்லாமல், சூரிய ஒளியைக் கொண்டே ரசாயனத் தொழில் நடைபெறும் காலம் வரும் என்று 1912-இல் நியூயார்க்கில் எடுத்துரைத்தார். நம் பக்கத்திலும் இவ்வித்தை பயிலப்பட்டது. எம். சாந்தப்பா அவர்கள், எவன்ஸ், யூரி என்னும் இருவருடன் சேர்ந்து, நீரில் கரைந்த பொருள்களை ஒளியால் பலபடியாக்கும் முறையைப் பற்றி 1951-இல் எழுதினார். நீரில் கரைத்த இரும்பு உப்பின்மீது ஒளி பட்டால் வேகமிக்க ஒரு துணுக்கு பிறக்கிறது. அது முதற்கண்ணியாகி மற்றவற்றை இழுத்துக் கோக்கிறது. பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் அவர் மாணாக்கரும் இத்துறையைத் தொடர்ந்து வளர்த்தனர்.

1961-இல் ஜே. சி. குரியகோஸ் அவர்களும் கிளேர் மார்க்கம் அம்மையாரும் வெளியிட்ட ஆராய்ச்சி நமக்கு இன்னும் நெருங்கியது. களிம்புகளில் சேர்க்கும் வெண்பொடியாகிய துத்தநாக ஆக்சைடின்மீது ஒளி படும்போது, அக்ரிலிக் கண்ணாடிக்கு மூலமான திரவம் அப்பொடியின் மேற்பரப்பிலேயே பலபடியாகத் தொடங்குவது எவ்வாறு என்பதை அவர்கள் ஆராய்ந்தார்கள். குரியகோஸ் பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக விளங்கினார்.

துத்தநாக ஆக்சைடு ஒரு குறைக்கடத்தி. செம்பைப்போல் மின்சாரத்தைத் தாராளமாக விடாது, கண்ணாடியைப்போல் முற்றும் தடுக்கவும் செய்யாது. தக்க ஒளி பட்டால் அதனுள் ஓர் எலெக்ட்ரான் எழும்பி, இருந்த இடம் காலியாகிறது. எலெக்ட்ரானும் அக்காலியிடமும் துகளின் மேற்பரப்பை அடைந்து, அங்கே எது அகப்படுகிறதோ அதன்மேல் வேலை செய்கின்றன. பிராணவாயு நிறைய இருந்தால் வினை பெரும்பாலும் அழிவில் முடிகிறது. காற்றை நீக்கி, பலபடிக்குரிய மூலப்பொருளை ஊட்டினால் சங்கிலி வளர்கிறது.

துகள் மிகச் சிறிதானால் அதன் குணமே மாறிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் பருத்தியிழையின் பருமன் பத்தாயிரம் நானோமீட்டருக்கும் மேல். சில நானோமீட்டர் அளவே உள்ள காட்மியம் செலினைடுத் துகள்கள் ஒளி வீசும்போது, சிறியது நீலமாகவும் பெரியது சிவப்பாகவும் தோன்றுகின்றன. பொருளை மாற்றாமல் அளவை மட்டும் மாற்றி நிறம் பெறும் இவ்விந்தையைச் சாயக்காரர்கள் நிச்சயம் ரசிப்பார்கள். இத்தகைய துகள்களுக்காகவே எகிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவர் 2023-இல் நோபல் பரிசு பெற்றனர்.

1992-இல் அமெரிக்காவில் ஹாஃப்மன் குழுவினர், துத்தநாக ஆக்சைடின் நுண்துகள்கள் ஒளியில் பலபடியைத் தொடங்குவதையும், தாம் கையாண்ட அதே சூழ்நிலையில் பெருந்துகள்கள் தொடங்காமையையும் கண்டனர். இங்கிருந்துதான் கலப்பு நுண்பொருள்களுக்கு ஒரு வழி திறக்கிறது. நுண்துகள்கள் தனித்து நில்லா. வெந்நீரில் கொட்டிய மாவுபோல் கட்டி தட்டிவிடும். ஒவ்வொரு துகளுக்கும் பலபடியால் ஒரு மேலாடை போர்த்தினால் அவை பிரிந்து நிற்கும். அந்த மேலாடையைத் துகளே ஒளியைப் பற்றித் தன்மேல் நெய்துகொள்வதே புதிய முறை. அடுப்பு வேண்டாம், விளக்கை அணைத்தால் புதிய கண்ணிகள் தொடங்குவதும் நிற்கும், மறைப்பு வைத்து வேண்டிய இடத்தில் மட்டும் வளர்க்கலாம்.

இதில் நம் சங்கங்களுக்கு என்ன இருக்கிறது? ‘நானோ’ என்ற பெயரில் வெயில் தாங்கும் பூச்சு, கறை பிடிக்காத பூச்சு என்று விற்பனையாளர் எவரேனும் வந்தால், அது எந்தப் பொருள், அதன் துகளுக்கு மேலுறை உண்டா என்று நிர்வாகிகள் முதலிற் கேட்கவேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடைப் பூச்சுவண்ணத்தில் சேர்ப்பவர்கள் அதற்குச் சிலிக்கா, அலுமினா உறை போடுவது, வெயிலில் அது தன்னைச் சுற்றியுள்ள பலபடியைத் தின்னாதிருக்கவே. காட்மியம் கலந்த சரக்கானால் வேண்டவே வேண்டாம். அது நஞ்சு, சாயக்கழிவோடு அரசலாற்றில் இறங்கினால் நெல்வயலுக்கும் போகும். நீலக் கம்பளி அளவுகோலில் ஒன்று முதல் எட்டு வரை தரும் ஒளிதாங்கு எண்ணையும் கேட்கலாம். ஆயினும் அது நிறம் மங்குவதை மட்டுமே சொல்லும். நூல் நைவதைச் சொல்லாது. அதற்கு ஒரு முழத் துணியில் பாதியை அட்டையால் மூடி, கோடை முழுவதும் மொட்டைமாடியில் போட்டு, பிறகு இரு பாதியையும் கிழித்துப் பார்ப்பதே நமக்கு எட்டிய சோதனை. நுட்பமான சோதனை வேண்டுவோர் திருவேட்டக்குடியிலுள்ள தேசிய தொழில்நுட்பக் கழகத்தின் ரசாயனத் துறையாரை அணுகிக் கேட்டுப் பார்க்கலாம்.

மேற்சொன்ன சங்கத்தில், நாம் மடிப்பைப் பிரித்துக் காட்டியபின் பிடித்தத் தீர்மானம் ரத்தாயிற்று. இரு நெசவாளரும் முழுக்கூலி பெற்றனர். அந்த மஞ்சள் சாயம் எந்த ரசீதில் வாங்கப்பட்டதென்பது மட்டும் இன்னும் அகப்படவில்லை. சாய ரசீதுகளைத் தொகுதி எண்ணுடன் தனிக் கோப்பில் வைக்குமாறு தணிக்கைக் குறிப்பில் எழுதியுள்ளோம்.