ராத்தல் கல்லும் கிலோ கல்லும்
இரும்பு, ஈயம்

இடப்பக்கம் வட்டமாக இருப்பது ஒரு ராத்தல் கல். ஆங்கிலேயரின் பவுண்டுதான் அது, 453.6 கிராம். வலப்பக்கம் ஆறு பட்டையாக இருப்பது கிலோ கல். அதன் அடிப்பாகத்தைக் கீழே உள்ள கண்ணாடியில் பாருங்கள். குழியில் ஈயத்தை ஊற்றி, அதன்மேல் அரசு முத்திரை குத்தியிருக்கிறார்கள். கல் தேய்ந்து எடை குறைந்தால் ஈயம் சேர்ப்பார்கள். கூடினால் சுரண்டி எடுப்பார்கள். வாங்குபவரின் நம்பிக்கை முழுவதும் அந்தச் சிறு ஈயப்பொட்டில்தான் இருந்தது.

மெட்ரிக் முறைக்கு இங்கே எதிரே நின்றது ராத்தல் மட்டுமல்ல. நம் சந்தைகளில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. படியோ ஊருக்கு ஊர் வேறு. விளைவித்தவர் தன் நெல்லை எந்தப் படியால் அளக்கிறார்கள் என்று கேட்கவேண்டிய நிலை அது. 1956இல் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோ படிப்படியாகக் கடைகளுக்கு வந்தது. ஏழைக்கு அது செய்த நன்மை பெரிது.

ஆனாலும் நிலத்தை இன்றும் ஏக்கரிலும் சென்ட்டிலும் சொல்கிறோம், ஆள் உயரத்தை அடியில். துணி மீட்டருக்கு மாறிவிட்டது. தங்கமோ பாதிதான் மாறியது: பிரிட்டிஷ் சவரன் நாணயத்தின் எடை 7.99 கிராம், நகைக்கடைகள் அதை முழு 8 கிராமாக்கி, பவுன் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டன.

உங்கள் வீட்டுப் பரணில் வீசைக்கல்லோ மரக்காலோ கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.