ரத்தம் நின்றுவிட்டது என்பதாலேயே ஆபத்து நீங்கிவிடாது

மகப்பேறு மருத்துவராக நான் பணியாற்றிய ஆண்டுகளில் மறக்க முடியாத இரவு ஒன்று உண்டு. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு முதல் நாள் சிறிது ரத்தப்போக்கு ஏற்பட்டு, தானாகவே நின்றிருக்கிறது. ‘வலிதான் இல்லையே’ என்று வீட்டார் காத்திருந்தனர். மறுநாள் இரவு மீண்டும் தொடங்கியது, நிற்கவில்லை. முதலில் சென்ற மருத்துவமனையில் ரத்தம் இல்லை. எங்களிடம் வந்து சேர்ந்தபோது தாயை மட்டுமே காப்பாற்ற முடிந்தது.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஏற்படும் ரத்தப்போக்குக்கு முதன்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று, நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்தவாறு கீழே அமைந்திருப்பது. கருப்பையின் கீழ்ப்பகுதி விரியும்போது அது சற்றே பெயர்ந்து, வலியின்றி ரத்தம் கசியும். மற்றொன்று, இயல்பான இடத்தில் உள்ள நஞ்சுக்கொடி பிரசவத்துக்கு முன்பே பிரிந்துவிடுவது. இதில் பெரும்பாலும் வலி கடுமையாக இருக்கும், வயிறு இறுகிவிடும். ரத்தம் உள்ளேயே தேங்கக்கூடும் என்பதால், வெளியே தெரியும் அளவை வைத்து ஆபத்தை எடைபோட முடியாது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், தாமதத்தின் விலை புரியும்.

இத்தகைய பெண் வந்தவுடன் இரு கைகளிலும் ஊசிக்குழாய் பொருத்தி, ரத்த வகை அறிந்து, பொருத்தமான ரத்தத்தைத் தயார் நிலையில் வைக்கிறோம். ரத்த அழுத்தம் இயல்பாக இருப்பதைக் கண்டு ஏமாறுவதில்லை. அது குறைவதற்கு முன்பே நாடித்துடிப்பு கூடிவிடும். நஞ்சுக்கொடி எங்கே உள்ளது என்று ஸ்கேனில் அறியாமல் விரல் செலுத்தி உள்பரிசோதனை செய்வதில்லை. அதுவே பெரும் போக்கைத் தூண்டிவிடலாம். போக்கு நின்று, தாயும் சேயும் சீராக இருந்து, மாதமும் நிறையவில்லை என்றால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி செலுத்திக் காத்திருப்போம். உயிருக்கு ஆபத்து என்றால் மாதக் கணக்கைப் பார்ப்பதில்லை, உடனே பிரசவம்தான்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொன்னால் அஞ்ச வேண்டியதில்லை. பலருக்குக் கருப்பை வளரும்போது அது மேலே நகர்ந்துவிடும். ஆனால், 32 வாரங்களில் மறுபடியும் பார்க்க வேண்டும். முன்பு சிசேரியன் ஆனவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாகப் பதிந்துவிடும் வாய்ப்பு உண்டு. எந்த மருத்துவமனையில் எந்நேரமும் ரத்தமும் அறுவை சிகிச்சை வசதியும் இருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பதும் பிரசவத்துக்கான ஆயத்தமே.

முதல் கசிவு நின்ற பிறகு அந்தக் குடும்பத்துக்கு ஒரு பகல் முழுவதும் கையில் இருந்தது. அது நிம்மதியாக இருப்பதற்கான நேரமல்ல; 108-ஐ அழைப்பதற்கான நேரம்.